அம்மா வைக்காத கையெழுத்து

பத்து வயதில் அம்மாவின் கையெழுத்தை அம்மாவை விட நான் நன்றாகப் போடுவேன். அம்மா விடியற்காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதங்களில் நீச்சலுக்குச் சம்மதம், மியூசியத்துக்குச் சம்மதம் என்று யாராவது கையெழுத்து வைத்தாக வேண்டும். "நீயே வைச்சுக் குடு பிள்ளை" என்று ஒருநாள் அவசரத்தில் சொன்னார். அதன் பிறகு நான் கேட்டதும் இல்லை, அவர் மறுத்ததும் இல்லை. கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் இரண்டு புள்ளி வைப்பதில்தான் சூட்சுமம் இருந்தது.

நாங்கள் அப்போது லண்டனில், சட்டன் என்ற பகுதியில் இருந்தோம். ஸ்கொட்லாந்துக்காரர் எப்போதோ கட்டிய ஒரு பிரஸ்பிட்டீரியன் கோயிலில், வெள்ளைக்காரரின் ஆராதனை முடிந்த பிறகு, ஞாயிறு பிற்பகலில் எங்கள் தமிழ்ச் சபை கூடும். பிஷப் இல்லாத சபை அது. ஒரு போதகர், நாங்களே தெரிந்தெடுத்த மூப்பர்கள் ஐந்து பேர், பெரிய விஷயம் என்றால் சபையார் எல்லோரும் கையுயர்த்தித் தீர்மானிப்பது என்ற ஒழுங்கு. மூப்பர்களின் செயலாளர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் என்பதால் பெரியப்பாதான் காரில் வந்து எங்களை ஏற்றிப் போவார். அம்மா ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்.

பெரியப்பா ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அங்கே அவர் சேர்ந்து கட்டியெழுப்பிய சபை ஒன்று சிதறிப் போனது. புதிதாக வந்த ஒருவர் இனிக்க இனிக்கப் பேசிப் பிள்ளைகளுக்கு ஏதேதோ படிப்பித்தார். சபையார் கேட்டபோது, "நான் எதை நம்புறன் எண்டு எந்தத் தாளிலை எழுதித் தந்தனான்?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். ஆறு மாதத்தில் பாதிக் குடும்பங்கள் அவரோடு போய்விட்டன. மீதிப் பாதி ஒருவரோடொருவர் பேசுவதை விட்டுவிட்டது.

அதனால் பெரியப்பா ஒரு தாள் தயாரித்தார். விசுவாச அறிக்கை. பத்து வரிகள், நல்ல தமிழில், அவரே தட்டச்சுச் செய்தது. ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் ஐந்து பேரும் அதில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். மூப்பர்கள் சரி என்றார்கள். நான்கு பேர் அன்றைக்கே வைத்துக் கொடுத்தார்கள். அம்மா வாசித்தார், திரும்பவும் வாசித்தார், மடித்துக் கைப்பையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அது பெரிய வேதப்புத்தகத்துக்குள் போனது. மூன்று கிழமை அங்கேயே இருந்தது.

ஒருநாள் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். நான் சாப்பாட்டு மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன்.

"என்ன தங்கச்சி, அந்தத் தாள்?"

"ஏழாவது வரிக்கு வைக்க ஏலாது அத்தான். மற்ற ஒன்பதுக்கும் வைக்கிறன்."

"ஒரு வரியை விட்டிட்டு வைக்கிறதெண்டால் ஆளுக்கொரு வரியை விடுவினம். பிறகு தாள் எதுக்கு?"

அம்மா தேத்தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். பெரியப்பா குடித்துவிட்டு எழுந்தார். "வைக்காட்டி வகுப்பு எடுக்க ஏலாது. உங்களுக்கெண்டு வேற சட்டம் போட ஏலாது தங்கச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் களைத்த குரலில் சொன்னார்.

எனக்கு விளங்கியது ஒன்றுதான். அம்மா வகுப்பு எடுக்காவிட்டால் கிறிஸ்மஸ் நாடகத்தை வேறு யாராவது பழக்குவார்கள். இரண்டு வருடம் ஆட்டுக்குட்டியாக நாலு காலில் தவழ்ந்த பிறகு, அந்த வருடம்தான் அம்மா எனக்கு மரியாள் வேடம் தந்திருந்தார். பெரியவர்கள் ஒரு சின்னக் காரியத்தை ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று இருந்தது. அடுத்த ஞாயிறு புறப்படும் முன் வேதப்புத்தகத்திலிருந்து தாளை எடுத்தேன். வாலை இழுத்தேன், இரண்டு புள்ளி வைத்தேன், திகதியும் போட்டேன். கோயிலில் பெரியப்பாவின் கோப்புக்குள் சொருகிவிட்டேன்.

ஆராதனை முடிந்து சபைக்கூட்டம் தொடங்கியது. பெரியப்பா எழுந்தார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் கண்டதில்லை. "ஆசிரியர்மார் ஐஞ்சு பேரும் கையெழுத்து வைச்சிட்டினம். கர்த்தருக்கு நன்றி" என்றார்.

அம்மா எழுந்து நின்றார். "நான் வைக்கேல்லை."

பெரியப்பா தாளை எடுத்துக் காட்டினார். அம்மா முன்னால் போய் அதைப் பார்த்தார். எந்தக் கை அந்த இரண்டு புள்ளியை வைத்தது என்று அந்தக் கணத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. "இது நான் வைச்சதில்லை" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். கோப்பு அவருடையது, தாள் அவருடையது, அவசரமும் அவருடையது. பின்வரிசையில் ஒருவர், "அப்ப ஆர் வைச்சது?" என்று மெல்லக் கேட்டார். பெரியப்பாவின் காது சிவந்தது. தாளை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. கதிரையில் ஏறி நின்றேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. "நான்தான் வைச்சனான்" என்றேன்.

போதகர் என்னைப் பார்த்து, "அதிலை என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டார்.

"தெரியாது. எனக்குத் தமிழ் வாசிக்க ஏலாது."

மண்டபம் சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஏசவும் இல்லை.

அப்போது அம்மா பேசினார். கூட்டத்தில் அவர் நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா சைவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஞானஸ்நானம் எடுத்த நாளில், நெற்றி நிறையத் திருநீற்றோடு அவருடைய அப்பா கோயில் வாசலில் மழைக்குள் குடையோடு காத்து நின்றிருக்கிறார். உள்ளே வரவில்லை, ஆனால் மகள் நனையக்கூடாது என்று வந்திருக்கிறார். அவர் சைவராகவே வாழ்ந்து, போன வருடம் யாழ்ப்பாணத்தில் சைவராகவே செத்துப்போனார். செத்தவீட்டுக்கு அம்மாவால் போக முடியவில்லை. விசுவாசிக்காமல் இறந்தவர்கள் எல்லோரும் நித்திய ஆக்கினைக்குப் போவார்கள் என்பதுதான் அந்த ஏழாவது வரி.

"கர்த்தர் என்ரை அப்பாவை என்ன செய்வார் எண்டு எனக்குத் தெரியாது" என்றார் அம்மா. "அவர் நல்லவர் எண்டு மட்டும் தெரியும். தெரிஞ்சதைப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறன். தெரியாததுக்குக் கையெழுத்து வைக்க மாட்டன்."

போதகர் எழுந்தார். ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன், இதே லண்டனில், பிரஸ்பிட்டீரியன் போதகர்களும் வேறு சபைப் போதகர்களும் கூடி இதே கேள்விக்கு வாதாடியிருக்கிறார்கள் என்றார். வேதத்தை நம்புகிறேன் என்றால் போதுமா, மனிதர் எழுதிய வரிகளுக்கும் கையெழுத்து வேண்டுமா என்பதே கேள்வி. "கட்டாயப்படுத்த வேண்டாம் எண்டவை நாலு வாக்காலை வெண்டவை. கையெழுத்துக் கேட்டவையும் கெட்ட ஆக்கள் இல்லை. பயந்த ஆக்கள்."

"வெண்ட சபையளுக்குப் பிறகு என்ன நடந்ததெண்டும் சொல்லுங்கோ ஐயா" என்றார் பெரியப்பா.

போதகர் தலையசைத்தார். "ஓம். கன சபை பழைய விசுவாசத்தை விட்டு விலகிப் போச்சு. ஆனால் கையெழுத்துக் கேட்ட சபையளும் உடைஞ்சுதான் போச்சு. இதிலை எனக்குச் சுகமான பதில் ஒண்டும் இல்லை."

கையுயர்த்தினார்கள். தாளை எல்லோரும் வாசிக்கலாம், விரும்பியவர் கையெழுத்து வைக்கலாம், கட்டாயம் இல்லை என்பதற்குப் பத்தொன்பது. கட்டாயம் வேண்டும் என்பதற்குப் பதினாறு. பெரியப்பாவின் கை பதினாறில் இருந்தது. தான் தோற்ற அந்தத் தீர்மானத்தைத் தன் அழகான எழுத்தில் கூட்டக் குறிப்பில் அவரே எழுதினார். எங்களை வீட்டில் இறக்கிவிட்டார்.

அன்று அம்மா எனக்கு அடிக்கவில்லை. "இனி என்ரை பேரை எழுத முதல் என்னைக் கேள்" என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடக் கடிதங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் பெரியப்பா வீட்டிலிருந்து போன் வரவில்லை. அம்மா போனைத் துடைக்கும் சாக்கில் அடிக்கடி அதனருகே போய் நின்றார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அது அடித்தது.

"ஓம் அத்தான்... ஓம்... வடிவாக் கூட்டிக்கொண்டு வாங்கோ." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

"பெரியப்பா ஏசினவரோ?"

"இல்லை. அவரின்ரை பேத்திக்கு நாலு வயசாகுதாம். ஞாயிற்றுக்கிழமையிலையிருந்து என்ரை வகுப்பிலை விடலாமோ எண்டு கேட்டவர்."

பிள்ளை ஒன்று கூடினால் வேலையும் கூடும், அதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சின்னப் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன், நீங்கள் யோசிக்க வேண்டாம் என்று ஆறுதல் சொன்னேன். அம்மா அதற்கும் அழுதார்.