வெளுத்த வெங்காரம்

என் கல் சேகரிப்புக்கு இன்று ஒரு வெங்காரப் படிகம் வந்தது. காற்றுப் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் சீல் வைத்த கண்ணாடிக் குப்பியில் இருந்தது. குறிப்பேட்டில் தேதி போடுவதற்குள் ஜன்னல் வெயில் படிகத்துக்குள் புகுந்து, என்னைச் சிறுவயதுத் திண்டிவனம் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

வாய்ப்புண்ணுக்கு வாங்கிய வெங்காரத்தில் தெளிவான ஒரு துண்டை அக்கா சீசாவில் மூடி வைத்திருந்தாள்.

"தொறந்த, கைய ஒடச்சிடுவேன்!"

தினமும் மதியம் திறந்து, அதன் வழியே வெயிலைப் பார்ப்பேன். ஒரு நாள் அது சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்திருந்தது.

"அத்தைதான் தொறந்தாங்க" என்றேன். எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தையோடு அக்கா ஒரு மாதம் பேசவில்லை.

இன்று விழுப்புரத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"நானுந்தான்டா தெனம் தொறந்து பாத்துக்கினு இருந்தேன். பாவம், அத்தை."