நூல் இழுக்கும் அறை

தண்ணீர்த் தொட்டியில் இறங்கும்போதுதான் அது நூலாகும். அதுவரை தேன்போலப் பிசுபிசுக்கும் பிளாஸ்டிக் கரைசல். வளையம் போன்ற நுண்துளை வழியே அழுத்தி இறக்கினால், தண்ணீர் பட்டதும் வெளுத்து இறுகி, சேமியாவைப்போல நடுவே ஓட்டையுள்ள இழையாக வரும். அந்த இழைகளைக் கட்டாகக் கட்டிக் குழாய்க்குள் பதித்தால் அழுக்குத் தண்ணீரை வடிகட்டும்; நுணுக்கமான ரகம் உப்பையும் பிரிக்கும். பம்மல் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடத்தில் இதைத்தான் செய்தோம்.

நூல் இழுக்கும் அறைக்குப் பொறுப்பு, பல்லாவரத்திலிருந்து வந்த அக்கா. தோல் வியாபாரக் குடும்பத்துப் பெண், வேதியியல் படித்தவர். சிரித்துப் பேசி நாங்கள் பார்த்ததில்லை. இழையைச் சுண்டிப் பார்த்து, "இது அறுந்துடும், எடுத்துடு" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

கல்யாணமான மறுவருடம் நான் உண்டானேன். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. ஒரு நாள் காலையில் கரைசல் வாடை குமட்டிக்கொண்டு வர, வெளியே ஓடினேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"எத்தனை மாசம்?"

நான் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"இனிமே உள்ள வராதே. கையை நல்லாக் கழுவிட்டு டெஸ்டிங்ல போய் உக்காரு."

வேலை போய்விடும் என்று பயந்தேன். அக்கா மீது ஆத்திரமும் வந்தது. அவரோ உள்ளே போய் மெஷினையே நிறுத்திவிட்டார். முதலாளி பதறிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது? லோடு போகணும். ஓடற மெஷினை நிறுத்தினா பேஜாராயிடும்."

"மாசமா இருக்கிறவங்க கிட்ட வரக்கூடாதுன்னு கரைசல் டின்லயே போட்டிருக்கு சார். அவ வரமாட்டா."

"இந்த மெஷினுக்கு ரெண்டு ஆள் வேணுமே!"

"அப்ப நீங்க வாங்க."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். வேறு ஆள் கிடைக்கும்வரை அவரே நூல் சுற்றினார். கரைசல் வாடையில் தலைவலி தாங்காமல், நாங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன பெரிய எக்ஸாஸ்ட் விசிறியை அந்த வாரமே மாட்டவைத்தார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து, இழைக்கட்டைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்து, எங்காவது கசிந்து குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தில் கை வைக்கவில்லை.

அக்கா பிறகு வேலையை விட்டுவிட்டார். இன்று அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. புதுப் பெண்கள் என்னைத்தான் கடுகடுப்பு என்கிறார்கள்.

மகள் பிறந்து சில மாதம் கழித்து, அக்கா வீட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அன்றுதான் கேட்டேன், "பார்த்ததும் எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"எனக்கும் அந்த வாடைதான் முதல்ல ஒத்துக்கலை. அப்ப நான் யார்கிட்டயும் சொல்லலை. அந்தப் புள்ள தங்கலை."

"கரைசலாலயா?"

"அது யாருக்கும் தெரியாது," என்றார். என் மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, அவள் சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டார். "தெரியாததாலதான் உன்னை வெளியே அனுப்பினேன்."