செல்லாண்டியம்மன் பூக் கொடுக்காத நாள்

என் மருமகள் கவிதா வருடக்கணக்கில் குடித்த கசாயங்களுக்கு நான்தான் காரணம். அந்தப் பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மனின் கருணையைப் பற்றிப் பேச அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வரும்.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஊர் பரமத்தி வேலூர் பக்கம். ஒரே மகன் கதிர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்குக் கல்யாணமாகி நெடுநாள் பிள்ளை இல்லை. என் மனைவி பாவாயி மருமகளை ஒரு மருத்துவர் விடாமல் அழைத்துப் போனாள்; பிள்ளை உண்டாக என்று யார் சொன்ன கசாயத்தையும் காய்ச்சிக் கொடுத்தாள். கவிதாவிடம் குறையில்லை என்றார்கள்; கணவரையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். “ஆம்பளப் பையனுக்கு என்னத்த டெஸ்ட்டு?” என்பாள் பாவாயி. நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துக்கொள்வேன்.

எனக்குத் தெரியும். கதிர் பத்தாவது படித்தபோது அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் வீங்கியதும் பாவாயி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள். சில நாள் கழித்து அவன் என்னிடம் மட்டும் தனியே வந்து, கீழேயும் வீங்கி வலிக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அந்த நோய் விரையைத் தாக்கினால் பின்னால் விந்தணு இல்லாமலே போகக்கூடும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். “ஆருகிட்டயும் சொல்லாத சாமி, தானா வடிஞ்சிரும்” என்றேன். வடிந்தது. பேச்சும் அதோடு முடிந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம். “ஏனுங்க, ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்க. உத்தரவு குடுத்தா வேற பொண்ணு பாக்கலாம்” என்றாள் பாவாயி. எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்போம். அம்மனின் இரு தோளிலும் பூ வைப்பார்கள். வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம்; இடப்பக்கப் பூ விழுந்தால் மறுப்பு.

ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன் கோயிலுக்கு நாங்கள் நால்வரும் போனோம். என்ன கேட்கப்போகிறோம் என்பது கதிருக்கும் கவிதாவுக்கும் தெரியாது. அந்தப் பெண் தன்னை விலக்கும் உத்தரவுக்காகத் தானே பொங்கல் வைத்துக் கொண்டிருந்தாள்.

பூசாரி பூவை வைத்தார். மணி ஓய்ந்தது. ஆற்றுக் காற்று உள்ளே வந்து தீபத்தை அசைத்தது. புகைக்குப் பின்னால் அம்மனின் முகம் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளிந்தது. எத்தனை நேரம் நின்றோமோ தெரியவில்லை. நான் கண்ணை மூடி, ‘தாயே, விழ விடாதே’ என்று மட்டும் கெஞ்சினேன். விழவில்லை. இடப்பக்கமும் விழவில்லை.

“இன்னைக்கு உத்தரவு இல்லீங்க. இன்னொரு நாள் வாங்க” என்றார் பூசாரி.

“எதுக்குக் கேட்டீங்களோ மாமா, ஆத்தாளுக்கே பதில் தெரியல போல” என்று சிரித்துக்கொண்டே பொங்கல் பானையைத் தூக்கினாள் கவிதா.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. வீடு திரும்பும் வழியில் காருக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். பூக் கேட்டது எதற்கு என்பதையும் சொன்னேன். கதிர் கரும்புக்காட்டு ஓரமாக வண்டியை நிறுத்தினான். இறங்கிப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

“நீங்க படிச்ச படிப்பு இதுக்குத்தானுங்களா?” என்று பாவாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

கவிதா மடியிலிருந்த பொங்கல் பானையைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு, “அந்தக் கசாயத்துல பாதிய உங்களுக்குக் கலக்கிக் குடுத்திருக்கோணுமுங்க மாமா” என்றாள்.

அதன் பிறகு கதிர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். பரிசோதனைக்கும் முதலில் மறுத்தான். கவிதாதான் அழைத்துப் போனாள். விந்தில் ஓர் அணுகூட இல்லை என்று முடிவு வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருத்துவர், விரையைத் திறந்து நுண்ணோக்கியில் தேடினால் உள்ளே எங்காவது சிறு திட்டாக உற்பத்தி இருக்கலாம், கிடைத்தால் எடுத்து ஒவ்வொன்றாகக் கவிதாவின் கருமுட்டைக்குள் செலுத்தலாம் என்றார். கிடைக்காமலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

வைகாசியில் அறுவை சிகிச்சை. நான் மருத்துவமனைக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். பேரன் வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. ‘தாயே, என் மௌனத்துக்கு அவன் தண்டனை அனுபவிக்க வேண்டாம். அவன் என்னோடு பேசாமலே இருக்கட்டும். அவனுக்கு ஒன்றாவது கிடைக்கட்டும்’ என்றேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். சொற்கள் கரைந்து கண் செருகியது.

வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நடக்கிறேன். அகத்தி மரங்கள் வழியாகப் பச்சை வெளிச்சம் இறங்குகிறது. காலடியில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடுகிறது. கொடிகளில் ஓர் இலைகூட இல்லை. மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி ஒவ்வொரு கொடியாக விலக்கிப் பார்த்துக்கொண்டே முன்னால் போகிறாள். அவளிடம் அவசரமே இல்லை.

“என்னம்மா தேடறீங்க?”

“நீ தொலைச்சதைத்தாஞ் சாமி” என்றாள், திரும்பாமலே.

தோளை யாரோ தொட்டார்கள். கவிதா நின்றிருந்தாள். “மாமா, இருக்குதாமுங்க. கொஞ்சந்தான். ஆனா இருக்குதாம்!”

நான் அந்த இடத்திலேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். எடுத்த அணுக்களை உறைய வைத்தார்கள். ஆடியில் வைத்த முதல் கரு தங்கவில்லை. கவிதா அழுது ஓய்ந்து, மறுபடியும் வயிற்றில் ஊசிகளைத் தாங்கினாள். கார்த்திகையில் வைத்தது தங்கியது. மருத்துவரின் கண்ணும் கையும் இல்லாமல் இது நடந்திருக்காது. அந்தக் கண்ணுக்குத் துணையாக நின்றவள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

ஆடி கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. கதிர் அவளைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தான். பாவாயி கையை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டி என்னிடம் வந்தான்.

“புடிங்கப்பா” என்றான். “தலையத் தாங்கிப் புடிங்க.”

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் மருமகளைக் குறை சொன்னாலும் நான் போய் உட்கார்ந்து என் கதையைச் சொல்கிறேன். கிழவனுக்கு வெட்கமில்லை என்கிறார்கள். ஆமாம், வெட்கப்பட்டே ஒரு பெண்ணின் இத்தனை வருடத்தைத் தின்றவன் நான். இந்தக் கவலையோடு இதைப் படிப்பவர்களே, மகனையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நெஞ்சில் மறைத்து வைத்திருப்பதை அம்மனிடம் போட்டு உடையுங்கள். என் போன்றவன் அழுததே அவள் காதில் விழுந்தது. உங்களை அவள் கைவிடமாட்டாள்.