சோப்புத் தண்ணீரில் சிவந்த சட்டைக் கைகள்

எங்கள் தொழில்முறைக் காற்பந்துக் குழுவின் சட்டை மஞ்சள், கைகள் மட்டும் சிவப்பு. ஊர்க்கோடியில் இருக்கும் பொங்கோல் பிள்ளைகள்கூட அதைப் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போகிறார்கள். அந்த நிறத்தைக் கொடுத்தவன் நான். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தேக்கா பக்கத்தில் ஒற்றைத் தையல் மெஷினோடு தொடங்கி மூன்று கடை வைத்தவன்.

குழு முதலில் வெள்ளையில்தான் ஆடியது. ஒரு சீனப் புத்தாண்டு விடுமுறை. மறுநாள் ஆட்டம், எதிரணிக்கும் வெள்ளைதான் என்று கடைசி நேரத்தில் தெரிந்து, மேலாளர் சட்டை மூட்டையோடு என்னிடம் ஓடி வந்தார். சாயம் விற்கும் கடையெல்லாம் பூட்டு. மசாலாக் கடை மட்டும் திறந்திருந்தது. விடுவேனா? மஞ்சள் தூளை வாங்கி, வெந்நீரில் கரைத்து, அத்தனை சட்டையையும் முக்கினேன். தங்கம் மாதிரி வந்தது.

வாசனைதான் தூக்கலாக இருந்தது. அதைப் போக்கலாம் என்று முதலில் சட்டைக் கைகளை மட்டும் சோப்புத் தண்ணீரில் விட்டேன். குபீரென்று சிவந்துவிட்டது! என் மனைவி வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சுண்ணாம்பு போட்டா ஆரத்தி செவக்குறது தெரியும்ல? சோப்பும் அதே வேலையத்தான் செய்யும். பதினோரு பேருக்கும் ஆரத்தி எடுத்துட்டீங்க! நிப்பாட்டுங்க, அப்படியே காயட்டும். அலசினா திட்டுத் திட்டா ஆயிடும்."

அதைப் போட்டுக்கொண்டுதான் ஜெயித்தார்கள். ரசிகர்கள் அதே நிறம்தான் வேண்டும் என்றார்கள். அடுத்த தடவை சாயம் போகாத மஞ்சள், சிவப்புத் துணியிலேயே தைத்துக் கொடுத்தேன்.

இந்த வருஷம் குழு தன் சட்டைகளின் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடு செய்தது. மஞ்சள் சூரியனாம், சிவப்பு வீரமாம், ஒரு கமிட்டி உட்கார்ந்து யோசித்ததாம். கண்காட்சிப் பலகையில் அப்படித்தான் எழுதப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது. நேரே அலுவலகத்துக்குப் போய், இரண்டு நிறமும் என் டிசைன் என்று சொன்னேன். சோப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

அங்கிருந்த இளம் அதிகாரி கேட்டாள்: "அங்கிள், புரூஃப் இருக்கா? வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போகுது லா."

அன்று அந்தச் சட்டையில் ஆடிய, இப்போது தெம்பனிஸில் இருக்கும் பழைய முன்கள ஆட்டக்காரரைக் கையோடு அழைத்துப் போனேன். அவர் வாயைத் திறந்ததும் என் மானம் போனது.

"மஞ்சள்ல முக்கினது இவர்தாம்மா. வேர்த்து உடம்பெல்லாம் மஞ்சளாப் போச்சு. எந்தக் கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்றீங்கன்னு என் வீட்டுக்காரி கேட்டா! ஆனா செவப்பு? அது சோப்பு! அன்னைக்கு இவர் சம்சாரமே சொல்லிச் சிரிச்சாங்க. டிசைனாம், டிசைன்!"

அந்தப் பெண் சிரித்து அடங்கியதும், "சோப்போட சேர்த்து எழுதட்டுமா அங்கிள்?" என்றாள்.

கொஞ்சம் யோசித்தேன். கமிட்டி வைத்து நிறம் பார்த்த குழு ஆயிரம் இருக்கும். தையல்காரன் தப்பில் நிறம் கிடைத்த குழு எது? "தாராளமா எழுதும்மா" என்றேன்.

பலகை வைத்ததும் மனைவியோடு போனேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"நிப்பாட்டச் சொன்னது யாருன்னு போடலையே?"

அங்கே நின்றபடியே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.