ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கிடையாது

சஃபாரி என்றால் எனக்குத் தெரிந்தது சஃபாரி சூட் மட்டும்தான். என் பெரியப்பா கல்யாண வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு வருவார், சாம்பல் நிறத்தில். அதனால் போன மாதம் என் மகள் போன் செய்து, "அம்மா, உனக்கு ஒரு சஃபாரி லாட்ஜில் ரூம் போட்டிருக்கேன்" என்றபோது யானை, மான், ஜீப் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். எங்கே என்றால், தூத்துக்குடிப் பக்கம் என்றாள். அங்கே ஏது காடு? உப்பளமும் உடைமரமும்தானே?

காடு இல்லை, கடலாம். கடல் பசு பார்க்கலாமாம்.

கடல் பசு தெரியும்தானே? கடலுக்கு அடியில் புல் மேய்கிற பெரிய பிராணி. குட்டிக்குப் பால் கொடுக்கும். மூச்சு வாங்க மேலே வரும். அந்தக் கரையில் அதை ஆவுளியா என்பார்கள். இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. கடலே கதி என்று இருப்பவர்கள் கண்ணிலேயே அபூர்வமாகத்தான் படும். அதை எனக்கு ஒரு சனி, ஞாயிறுக்குள் காட்டிவிட ஏற்பாடு! ஆப்பில் ஆர்டர் போட்டுப் பழகிய தலைமுறை... என்ன சொல்ல?

போனேன். கீழவைப்பாரைத் தாண்டி ஒரு மீனவ ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே அங்கே பிரியாணிப் பொட்டலத்தோடு போய் இறங்கிவிடுவீர்கள்.

எட்டே எட்டுக் குடில்கள். பனை ஓலைக் கூரை, சுண்ணாம்புச் சுவர், சோலார் விளக்கு. ஏ.சி. கிடையாது, டி.வி. கிடையாது, பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது. கிடையாது என்பதற்குத்தான் இந்தக் காலத்தில் வாடகை அதிகம் என்று முணுமுணுத்துக்கொண்டே பையை இறக்கினேன். ஆனால் சாப்பாடு வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. அன்று பிடித்த விளமீனில் குழம்பு. சமைத்தவர்கள் ஊர்ப் பெண்கள், முறை வைத்து. அப்புறம் விளாத்திகுளத்துக் கருப்பட்டியில் ஒரு காபி... சர்க்கரை டாக்டரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

லாட்ஜை நடத்துவது ஜெனிபர் என்ற பெண். முப்பது வயது இருக்கும். அந்த ஊர்க்காரிதான். கொச்சியில் பெரிய ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஊர்ப் பொது நிலத்தில் ஊராரையும் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்கியிருக்கிறாள். விருந்தாளிகளை ஏற்றிப்போவது ஊர் வள்ளங்கள், அதுவும் முறை வைத்து. வருகிற லாபத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் நடக்கிறது. பெரிய மனசுதான்.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அவள் சொன்ன விஷயத்தில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"அக்கா, நாளைக்கு வள்ளம் கெடையாது. ஞாயித்துக்கெழம எங்க ஊருல யாரும் கடலுக்குப் போவ மாட்டாவ."

எப்படி இருக்கும்? சனிக்கிழமை மதியம் வந்து இறங்கினால், அப்போது காற்று ஏறிவிட்டது, காலையில்தான் வள்ளம் போகும் என்றார்கள். ஞாயிறு காலை என்றால் ஊரே பூசைக்குப் போய்விடும், கடலுக்கு விடுமுறை என்கிறார்கள். ஞாயிறு மதியம் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பிறகு நான் எதைத்தான் பார்ப்பது? கருப்பட்டியையா?

நானாவது முணுமுணுத்ததோடு சரி. பக்கத்துக் குடிலில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தங்கியிருந்தார். பெயர் சுந்தர், டூர் ஏஜென்ட். இடத்தைப் பார்த்துவிட்டுப் போய் குரூப் குரூப்பாக ஆள் அனுப்பலாமா என்று முடிவு செய்ய வந்தவர். அவர் நேராகவே சொல்லிவிட்டார் — எங்க ஆளுங்க சனிக்கிழமை மதியம்தான் வந்து சேருவாங்க, ஞாயிறு காலை போட் இல்லையென்றால் ஒரு குரூப்கூட அனுப்ப முடியாது என்று.

ஜெனிபரின் முகம் வாடிவிட்டது. பிறகு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். இந்த சீசனும் குடில்கள் காலியாகக் கிடந்தால் லாட்ஜைச் சாத்த வேண்டியதுதான். சமையல் செய்கிற பெண்கள், வள்ளக்காரர்கள், டியூஷன் எல்லாம் அதோடு போகும். அதனால் அவளே ஊர்க் கமிட்டியிடம் கேட்டிருக்கிறாள். ஞாயிறு ஒரு நாள் சஃபாரிக்கு மட்டும் வள்ளம் விட அனுமதி வேண்டுமென்று. ஊரில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அவளுடைய தாய்மாமன் ரொசாரியே, அவரும் வள்ளக்காரர்தான், இரண்டு வாரமாக அவளோடு பேசவில்லையாம். மறுநாள் பூசை முடிந்ததும் கமிட்டி முடிவு சொல்லும்.

சுந்தர் சாய்ந்து உட்கார்ந்தார். சரி, அந்த முடிவைக் கேட்டுவிட்டே போகிறேன் என்றார்.

மறுநாள் காலை. ஊர் வெறிச்சென்று இருந்தது. எல்லாரும் கோயிலில். மாதா கோயில் மைக்கில் சாமியார் குரல் மட்டும் தூரத்தில் கேட்டது. வழக்கமாகப் பூசைக்கு முதல் வரிசையில் நிற்கிற ஜெனிபர் அன்று போகவில்லை. சுந்தரைத் தனியாக விட்டால் பெட்டியைத் தூக்கிவிடுவாரோ என்று பயம். கரையோரம் கட்டியிருக்கும் மரப்பரணில் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, சுக்குக் காபியும் மக்ரூனும் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தாள். பூசையைத் தவறவிட்டுவிட்டோமே என்று நடுநடுவே கோயில் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிப் படுத்திருந்தன. காற்று இல்லை. அலை இல்லை. கடல் நன்றாக ஏறி, பரணுக்குக் கொஞ்சம் முன்னால் வரை வந்து நின்றது. எங்கேயும் ஒரு எஞ்சின் சத்தம் இல்லை. இவ்வளவு அமைதியை நான் காசு கொடுத்தும் எங்கேயும் வாங்கியதில்லை.

அப்போதுதான் குடத்தைப் பார்த்தேன்.

யாரோ குடத்தைக் கடலில் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கவிழ்ந்த குடம், பழுப்பு நிறத்தில், கொஞ்ச தூரத்தில் மிதந்தது. பிளாஸ்டிக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பெடுக்கிறார்களே, இது மட்டும் என்ன என்று ஜெனிபரிடம் கேட்கத் திரும்பினேன்.

குடம் மூச்சு விட்டது.

'புஸ்' என்று, ஒரு ஆள் ஆழமாகப் பெருமூச்சு விடுகிற மாதிரி. நான் கேட்டேன். என் காதால் கேட்டேன். அடுத்து ஒரு முதுகு, வழவழவென்று, வளைந்து உள்ளே போனது. தண்ணீருக்கு அடியில் சேறு புகைந்து எழுந்தது. பிடுங்கின கடல் புல் துண்டு துண்டாக மேலே மிதந்தது. மேய்கிறது!

ஜெனிபர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடி மேலே வந்தது. இந்த முறை பக்கத்தில் இன்னொரு சின்னக் குடம். குட்டி! தாய் மூச்சு வாங்கியதும் அதுவும் வாங்கியது. தாய் இறங்கியதும் அதுவும் இறங்கியது. அம்மா பின்னாலேயே கடைக்கு வருகிற பிள்ளை மாதிரி... உரசிக்கொண்டு.

சுந்தரின் போன் அடித்தது. ஏதோ குத்துப்பாட்டு ரிங்டோன். மனிதர் பதறிப்போய், அதைக் கட் பண்ணக்கூடத் தோன்றாமல், அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பாட்டு அவருக்கு அடியில் அமுங்கி அமுங்கி ஓய்ந்தது. சிரிக்க வேண்டிய நேரம். யாரும் சிரிக்கவில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம்மை ஒரு பொருட்டாகவே நினைக்காமல், தன் பிள்ளையோடு காலைச் சாப்பாடு சாப்பிட வந்த ஒரு தாய். அந்த வீட்டு ஜன்னலில் நாங்கள் தெரியாமல் எட்டிப் பார்க்கிறோம். அப்படித்தான் இருந்தது. கைகூப்பலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

ஜெனிபர் மெதுவாகச் சொன்னாள்.

"நான் பொறந்த ஊருக்கா இது. ஒரு ஞாயித்துக்கெழமகூட இந்நேரம் கரையில நின்னதில்ல. எல்லாரும் கோயில்லல்லா இருப்போம்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. வாரம் முழுக்க இந்தக் கரையில் எஞ்சின் ஓடும். ஒரே ஒரு காலைதான் ஓடாது. அந்தக் காலையில் ஊரே உள்ளே முழங்கால் போட்டிருக்கும். எத்தனை வருஷமாக, எத்தனை ஞாயிறு இது இப்படி வந்து மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறதோ? வராமலும் இருந்திருக்கலாம். யார் கண்டது? பார்க்கத்தான் ஆள் இல்லையே!

கோயில் மணி அடித்தது. பூசை முடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மணல் பாதையில் ஒரு பைக் சத்தம். வெள்ளை வேட்டி சட்டையில் ரொசாரி வந்துகொண்டிருந்தார். ஜெனிபர் பரணிலிருந்து குதித்து ஓடி, இரண்டு கையையும் ஆட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு மணலில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார், புது வேட்டி சக்கரத்தில் மாட்ட.

அவள் கடலைக் காட்டினாள். தாயும் குட்டியும் மேலே வந்தன. ரொசாரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"வலையில செத்துக் கெடந்ததத்தான்ளா பாத்துருக்கேன்" என்றார். "மேஞ்சு பாத்ததில்ல."

பிறகு வந்த காரியம் ஞாபகம் வந்ததுபோல் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். கமிட்டி சம்மதித்துவிட்டதாம். ஊருக்காக இவ்வளவு பாடுபடுகிற பிள்ளை வாய்விட்டுக் கேட்டிருக்கிறது, ஒரே ஒரு வள்ளம், பூசை முடிந்த பிறகு போகட்டும் என்று அவரே எழுந்து பேசினாராம். முதல் ஞாயிறு தன் வள்ளத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

சுந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ஜெனிபரைப் பார்த்தேன். இரண்டு வாரமாக அவள் தூங்காமல் காத்திருந்த பதில் அது.

"வேண்டாம் மாமா" என்றாள்.

"கேட்டது நீதானளா?"

"நான்தான் கேட்டேன். இப்ப நானே வேண்டாங்கேன். ஞாயித்துக்கெழம வள்ளம் எறக்க வேண்டாம்."

ரொசாரி அவள் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான். சுந்தர்தான் விடவில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாமே, எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டால் போச்சு என்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியாக, காரில் ஏறப்போகும்போது ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏனுங்க, அது டெய்லி எத்தன மணிக்கு வருமுங்க?"

பாவம், தொழில் புத்தி. சாப்பாட்டு நேரம் மாதிரி அதையும் போர்டில் எழுதிப்போட முடிந்தால் எவ்வளவு சௌகரியம்! தெரியாது என்றாள் ஜெனிபர். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் போய்விட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று பெண் பார்க்க வந்த வீட்டாரைக் கண்ட எல்லாருக்கும் தெரியும்.

கிளம்பும்போது பயமாக இல்லையா என்று அவளிடம் கேட்டேன்.

"பயமாத்தான் இருக்குக்கா" என்றாள். கண் மட்டும் கடலிலேயே இருந்தது.

ஊருக்கு வந்தும் அது என்னை விடவில்லை. வீட்டில் குக்கர் 'புஸ்' என்றால்கூடத் திரும்பிப் பார்த்தேன். இந்த வாரம் மனசு கேட்காமல் ஜெனிபருக்குப் போன் போட்டேன். குடில்கள் நிறைகிறதா? முக்கால்வாசி காலிதான், ஆனால் சாத்தவில்லை என்றாள். சுந்தர் குரூப் அனுப்பினாரா?

"குரூப் வரலக்கா. அவரு வந்தாரு. அவுக அம்மாவக் கூட்டிட்டு, போன ஞாயித்துக்கெழம. மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் பரண்லயே இருந்தாவ."

"ஆவுளியா வந்துச்சா?"

"வரல."

"ஐயோ... சண்டை போட்டாரா?"

"இல்லக்கா. அடுத்த ஞாயித்துக்கும் ரூம் போட்டுட்டுப் போயிருக்காரு. குடும்பத்தோட, மூணு ரூம்."

அதே ஞாயிறுக்கு எனக்கும் ஒரு ரூம் கேட்டேன். இருக்கிறதாம், சுந்தர் குடும்பம் உட்கார்ந்தால் பரணில்தான் இடம் இல்லையாம்!