ஊருக்குப் போகிறவன் வீட்டுப் பால் டின்கள்

நான் பால் வெட்டும் நிரையின் கடைசி ரப்பர் மரம் காட்டோரத்தில் நின்றது. அதைச் சீவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். தோளில் துப்பாக்கி. முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த புண்கள். என்னைவிட வயது குறைந்தவனாகத்தான் தெரிந்தான். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் கேட்டான்.

வெள்ளைக்கார அரசாங்கம் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பருக்கை சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்பதற்காகத் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காலையில் கேட்டில் நிற்கிற போலீஸ்காரர்கள் வாளியைக் கவிழ்த்துப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்துத்தான் எங்களை வெளியே விடுவார்கள். என்னிடம் இருந்தது சீனி போடாத தேத்தண்ணி ஒரு போத்தல். அதை நீட்டினேன். முழுவதையும் குடித்தான். போத்தலின் வாயைத் தன் சட்டையில் துடைத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். பிறகு, "நாளைக்கும் கொண்டு வா" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டான்.

அந்த 'நாளைக்கும்' என்னோடு வீட்டுக்கு வந்தது. கொண்டுபோனால் போலீஸ் பிடிக்கும். கொண்டுபோகாவிட்டால் அவன் என்ன செய்வான் என்று தெரியாது. போலீஸிடம் போய்ச் சொன்னால், சொன்னது யார் என்று காட்டுக்குத் தெரிந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படிச் சொன்ன ஒருவரை மரத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் பிணத்தை ஏற்றி வந்த மாட்டுவண்டி எங்கள் லயத்தைத் தாண்டித்தான் போனது.

காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. உடம்பு நிஜமாகவே நடுங்கியது. நான் எழுந்து, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவதற்குள், காட்டோரத்து மரங்களை இனி யாரும் வெட்ட வேண்டாம் என்று துரை உத்தரவு போட்டுவிட்டார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் எனக்கு ரோட்டோர நிரையைக் கொடுத்தார். ஆனாலும் அவன் அந்தக் கடைசி மரத்தடியில் எனக்காகக் காத்திருப்பதாகவே தோன்றிக்கொண்டிருந்தது. மரத்தில் கத்தி வைத்தால் கை நிற்கவில்லை. பட்டையைத் தாண்டி உள்ளே போய் மரத்தைக் காயப்படுத்தியது. மண்டோர் திட்டினார்.

ஒரு நாள் சாயங்காலம் என் மனைவியிடம், "ஊருக்குப் போயிடலாம்" என்றேன். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புதர் ஆள் விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும்.

"அங்க போயி என்ன செய்வோம்?"

"தெரியாது."

பொறுக்கிய கற்களை வாசலில் எறிந்தாள். பிறகு, "எப்ப?" என்று கேட்டாள்.

ஊர் என்று சொன்னேனே தவிர, அந்த ஊரை நான் பார்த்ததில்லை. நானும் அவளும் பிறந்தது செலண்டாருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில்தான். சேலம் பக்கத்தில் எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். அப்பா செத்தபோது ஒரு தபால் போட்டதோடு சரி. எனக்கு அது கடலுக்கு அப்பால் இருக்கிற வேறொரு தேசம். அதைத்தான் எல்லோரும் ஊர் என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

லயத்து வீடுகளுக்கு நடுவில் பலகைத் தடுப்புதான். அதுவும் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டு அக்கா காதில் எல்லாமே விழும். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் மத்தியில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"என்ன தம்பி, ஊருக்குப் போறியாமே?"

"ஆமாக்கா."

"எந்த ஊருக்கு? உங்கம்மா உன்னப் பெத்தது இந்த லயத்துல. தொப்புள் கொடிய அந்தப் பலாமரத்தடியிலதான் பொதைச்சுது. அந்த ஊரு மண்ணு செவப்பா கறுப்பான்னு ஒனக்குத் தெரியுமா? ஊருக்குப் போறானாம் லா, ஊருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். "பேயைப் பாத்தவனாட்டம் போறான் பாரு. பயந்தாங்கொள்ளி!" என்று அக்கா பின்னாலிருந்து சொன்னார். அந்த வார்த்தை என்னைச் சுடவில்லை. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வரும்? அவர் உண்மைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டாரே என்றுதான் வேகமாக நடந்தேன்.

மற்றவர்கள் சொன்னவைதான் என்னைத் தூங்கவிடவில்லை. செலண்டாரில் முடிவெட்டப் போயிருந்தேன். முடிவெட்டுகிறவருக்கு என்னைத் தெரியாது. முகமெல்லாம் சோப்பு நுரை. கத்தி என் கழுத்தில் இருக்கும்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தத் தோட்டத்துல ஒரு ஆளு திடீர்னு ஊருக்குக் கெளம்புறானாம். சும்மாவா கெளம்புவான்? காட்டு ஆளுங்களக் காட்டிக் குடுத்தா கப்பல் டிக்கெட்டே எடுத்துக் குடுக்குறாங்களாம் லா." எச்சில் விழுங்கினால் கத்தி பட்டுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "அசையாம இருங்கண்ணே, ஏன் இப்படி வேர்க்குது?" என்றார்.

மண்டோர் அதற்கு நேர்மாறாக நினைத்தார். ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "காட்டுக்கு ஏதாச்சும் குடுத்தியாடா? மாட்டிக்குவோம்னுதான் ஓடுறியா? எங்கிட்ட சொல்லிடு. நாளைக்கு என் தலையில விடியக் கூடாது" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்று அவருக்கும் புரிந்திருக்காது.

இரண்டில் எதை யார் நம்பினாலும் என் கதை முடிந்துவிடும். கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் புதருக்கு முடிவெட்டுகிறவர் பேச்சு போனால் அவர்கள் வருவார்கள். கேட்டுப் போலீஸுக்கு மண்டோர் பேச்சு போனால் இவர்கள் வருவார்கள்.

"கேட்டா, சித்தப்பாவுக்கு முடியலைன்னு சொல்லிடுங்க" என்று மனைவி சொல்லிக்கொடுத்தாள். சொல்லிப் பார்த்தேன். சிறுவயதிலிருந்தே நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பொய் என்றால் கேட்கவே வேண்டாம். சித்தப்பாவுக்கு என்ன நோய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு நோயைச் சொன்னேன். சந்தேகம் கூடித்தான் போனது.

ஆனால் ஒரு வழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. தோட்டத்திலிருந்து யாராவது கப்பல் ஏறினால், லயத்தில் இருக்கிற ஒவ்வொரு வீடும் ஊரில் இருக்கும் தன் சொந்தத்துக்கு ஏதாவது கொடுத்தனுப்பும். ஒரு கைலி, ஒரு சோப்பு, தலைவலித் தைலம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பால் டின். கெட்டிப் பாலை ஊரில் இருப்பவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. என்னைப் பற்றி என்ன நினைத்தாலும், நான் போகிறவன். அவர்கள் தங்கைக்கும் அண்ணனுக்கும் பக்கத்தில் போகிறவன். ஒவ்வொருவராக வந்தார்கள். முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட வாசலில் டின்னை வைத்துவிட்டுப் போனார்கள். எழுதத் தெரியாதவர்கள் எந்த டின் யாருடையது என்று தெரிவதற்காகத் தங்கள் சேலையில் கிழித்த துண்டை அதைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

அந்த டின்களில் ஒரு சங்கடம் இருந்தது. அப்போதெல்லாம் கடைக்காரர் பால் டின்னை விற்கும்போதே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்படியே கொடுத்தால் யாராவது சேர்த்துவைத்துக் காட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஓட்டை போட்ட பால் கப்பலில் எத்தனை நாள் தாங்கும்? பக்கத்து வீட்டு அக்காதான் அதற்கு வழி கண்டுபிடித்தார். வாளியின் அடியில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை விரலால் வழித்து ஓட்டையின் மேல் தடவினார். காய்ந்ததும் தோல் மாதிரி இறுகிக்கொண்டது. கவிழ்த்தால்கூடச் சொட்டவில்லை. மற்றவர்களும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். மரம் வெட்டுகிறவர்களுக்கு இதைவிட இயல்பான யோசனை வராது. டிரங்குப் பெட்டியில் அவற்றை அடுக்கும்போது, இது வெளியாட்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்த நான் அதற்கு மட்டும் பயப்படாமல் இருந்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் போலீஸ் லாரி வந்தது. எல்லோரையும் லயத்துக்கு முன்னால் இருந்த திடலில் குந்தவைத்தார்கள். நேராக என் வீட்டுக்குத்தான் போனார்கள். பெட்டியை வெளியே தூக்கி வந்து கவிழ்த்தபோது டின்கள் உருண்டு வெயிலில் கிடந்தன. இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். ஒரு டின்னை எடுத்து ஓட்டை இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். ரப்பர் தோல் உரிந்து வந்தது. அதை விரல் நுனியில் வைத்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் எங்கள் கிராணி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். "ஓட்டை போட்ட டின்னை எதுக்கு அடைச்சு வெச்சிருக்கேன்னு கேக்குறாரு. யாருக்குன்னு கேக்குறாரு."

எழுந்து நின்றேன். "ஊருக்குங்க" என்றேன்.

"ஊருல யாருக்கு? யாரு குடுத்தது?"

கொடுத்தவர்கள் எல்லோரும் என் பின்னால் குந்தியிருந்தார்கள். ஒரு பேரைச் சொன்னால் போதும். அந்த வீட்டுக்காரர்களும் லாரியில் ஏற வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் நான் மட்டும். சாப்பாடு சேர்த்துவைத்தவர்களை எங்கே கொண்டுபோவார்கள், எத்தனை காலம் வைப்பார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். என் மனைவி குழந்தையின் முகத்தைத் தன் மடியில் அழுத்திக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். வாய் வரவில்லை.

"ஏன் ஊருக்கு ஓடறேன்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

சித்தப்பாவின் நோய்களில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"பயமா இருக்குங்க" என்றேன். "அதனாலதான் போறேன்."

கிராணி மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம் தமிழ் புரிந்திருக்க வேண்டும். "யாருக்குப் பயப்படறே?" என்று அவரே தமிழில் கேட்டார்.

"காட்டுல இருக்கிறவங்களுக்கு. கேட்டுல நிக்கிறவங்களுக்கு. ஐயாவுக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இவங்க பேசுற பேச்சுக்கும்" என்று பின்னால் கை காட்டினேன்.

ஒரு ஆண்பிள்ளை அத்தனை பேர் முன்னால் தன் வாயாலேயே அப்படிச் சொல்லி அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்போது என் பின்னாலிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"அந்தப் பச்சத் துணி கட்டினது என்னுதுங்க. என் தங்கச்சிக்கு. ஓட்டைய அடைச்சதும் நான்தான். கப்பல்ல கெட்டுப் போயிடுமேன்னு அடைச்சேன். எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

அவர் எழுந்து வந்து தன் சேலைத் தலைப்பைத் தூக்கிக் காட்டினார். கிழித்த இடம் பல் பல்லாக இருந்தது. காட்டிய கை நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "எங்களத்தான் தெனமும் கேட்டுல தடவிப் பாக்குறீங்களே. இவனால ஒரு எறும்புக்குக்கூட சீனி கொண்டு போக முடியாதுங்க. பயந்தாங்கொள்ளி" என்றார்.

வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இன்ஸ்பெக்டர் சேலைக் கிழிசலையும் துணித் துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பச்சைத் துண்டு கட்டியிருந்த டின்னைத் திறக்கச் சொன்னார். உள்ளே பால் ஏற்கனவே புளித்து மஞ்சளாகிவிட்டிருந்தது. நாற்றம் எங்கள் வரைக்கும் வந்தது. ரப்பர் அடைப்பால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. போலீஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். எல்லா டின்களையும் கத்தியால் குத்திக் கால்வாயில் ஊற்றினார்கள். என்னை ஜாசின் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இருட்டும் வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உள்ளே யார் நடந்தாலும் எனக்காகத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். கடைசியில் போகச் சொன்னார்கள். அக்காவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் வீட்டுக்கு அதற்குப் பிறகு பால் டின் கிடையாது என்று கடைக்காரருக்கு உத்தரவு போனது. அவர் பிள்ளைகள் கறுப்புத் தேத்தண்ணிதான் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு காட்டிக் கொடுத்தவன் என்ற பேச்சு என் காதில் விழவில்லை. ஓடுகிறவன், பயந்தாங்கொள்ளி என்பது நிலைத்துவிட்டது. குழாயடியில் சின்னப் பிள்ளைகள்கூட அப்படிக் கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

புறப்பட்ட காலையில் அக்கா வாசலுக்கு வரவில்லை. தடுப்புப் பலகைக்கு மேலாக அந்தப் பச்சைத் துண்டு மட்டும் எங்கள் பக்கம் வந்து விழுந்தது. "தங்கச்சிகிட்டக் குடு. பாலு அனுப்பினேன், போலீஸ்காரன் குடிச்சிட்டான்னு சொல்லு" என்றார். பிறகு, "பாத்துப் போங்க லா" என்றார்.

கிள்ளானில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினோம். கப்பலிலும் எனக்குப் பயம்தான். யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு இறங்கச் சொல்வார்கள் என்று கரை மறையும் வரை கீழேயே உட்கார்ந்திருந்தேன். இங்கே வந்த பிறகும் கேள்வி தீரவில்லை. தங்கம் கொழிக்கிற சீமையை விட்டுவிட்டு எவனாவது வருவானா என்றார் சித்தப்பா.

அக்காவின் தங்கை வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். வெயிலில் சோளம் உலர்த்திக்கொண்டிருந்தார். அவரும் அதையேதான் கேட்டார், ஏன் வந்துவிட்டீர்கள் என்று. இந்த முறை வாய் திக்கவில்லை. "பயமா இருந்துச்சுங்க" என்றேன். பச்சைத் துண்டைக் கொடுத்து, பால் கதையைச் சொன்னேன். அவர் துண்டை விரித்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப எங்க அக்காளுக்குப் பயமில்லீங்களா?"

சேலைத் தலைப்பைத் தூக்கிப் பிடித்த அந்தக் கை என் கண்முன் தெரிந்தது.

"இருந்துச்சுங்க" என்றேன்.