பதிமூன்று இல்லாத மலை

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடம், ஒரே கட்டடம், நான்கு லிஃப்டுகள். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் தொங்கி வேலை பார்த்த அந்த மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வீடு கொள்ளாது. விடிந்தும் விடியாததுமாக ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டு ஊர்க்கோடி மலைக்குக் கிளம்பிவிடுவார். மழையாவது, காய்ச்சலாவது! "வாரத்துல ஆறு நாள் எலி, ஒரு நாள் ஆடு" என்று அம்மா கேலி பேசுவாள்.

கிளம்புமுன் மகளின் அறைக்கதவைத் தட்டுவார்.

"வர்றியாம்மா? மேல ஒரு இடம் இருக்கு. பார்த்தா அசந்துடுவே."

"பார்க்கலாம்ப்பா, அடுத்த வாரம்."

பல் மருத்துவமனையில் வருகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பதுதான் மகளுக்கு வேலை. ஊரில் உள்ள சொத்தைப் பல்லுக்கெல்லாம் நாள் கிடைத்தது, அப்பாவுக்குத்தான் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கதவுக்குப் பதிலாகப் போன் அடித்தது. வாண்டு பிறந்ததும், "அவளையும் கூட்டிட்டு வாயேன்" என்பது சேர்ந்துகொண்டது. பதில் மட்டும் மாறவே இல்லை.

வாண்டுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்ததும் தாத்தாதான். அதில் ஒரு கூத்து. அவர் வேலை பார்த்த கட்டடத்தில் பதிமூன்றாம் மாடி கிடையாது. ராசியில்லாத எண் என்று, கட்டியவர்கள் பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தானில் பதினான்கு என்று போட்டுவிட்டார்கள். வாண்டும் பள்ளியில் போய் அப்படியே ஒப்பித்தாள். டீச்சர் வாண்டின் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ஏம்ப்பா புள்ளையக் குழப்புறீங்க?"

"நான் எங்கேம்மா குழப்பினேன்? முப்பது வருஷமா ஏறி இறங்குறேன், பதிமூணை நான் கண்ணாலயே பார்த்ததில்லையே!"

போன மாதம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய மலைப் பையில் ஃபிளாஸ்க்கோடு ஒரு அட்டை கிடந்தது. 'முப்பது எட்டு எடுத்து வைத்தால் ஒரு மாடி. 7 தண்ணீர். 12 மூச்சு வாங்க. 20 வலப்பக்கம், நம்ம இடம்.' என்றைக்காவது மகள் வருவாள் என்று எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து அவளுக்கு, அப்பா உயிரோடு இருந்தபோது போகாத இடத்தை இப்போதாவது பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஞாயிறு காலை அதே ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டு, பத்து வயது வாண்டோடு எண்ணிக்கொண்டே மலையேறினாள். அப்பாவின் உயரம் அவளுக்கு, எடுத்து வைக்கும் எட்டும் அதே அளவு. ஏழில் பாறையிடுக்கில் தண்ணீர் கசிந்தது. பன்னிரண்டில் ஒரு மர நிழல், நிஜமாகவே மூச்சு வாங்கியது. இருபதில் வலப்பக்கம் வெறும் சரிவு.

மேலேயும் கீழேயும் தேடினாள். முள் கிழித்ததுதான் மிச்சம். "வருஷக்கணக்கா கூப்பிட்டாரு. இப்ப நானா தேடி வந்தா எப்படிக் கிடைக்கும்?" என்று பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாண்டு அட்டையை வாங்கிப் பார்த்தாள். விரல்விட்டு முணுமுணுத்தாள்.

"அம்மா, நீ பதிமூணு எண்ணினியா?"

"எண்ணாம?"

"தாத்தாவுக்குத்தான் பதிமூணு கிடையாதே! நாம ஒரு மாடி அதிகமா ஏறிட்டோம்."

முப்பது எட்டு வைத்துக் கீழே இறங்கினார்கள். ஏறும்போது கவனிக்காமல் தாண்டிப் போன புதருக்குப் பின்னால் சின்னதாக ஒரு சமதளம். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது, அப்பாவின் கட்டடமும் தெரிந்தது. விளிம்பை ஒட்டி மூன்று கற்கள். நடுக்கல் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. ஒரு பக்கம் அதே அளவில் ஒன்று, மறுபக்கம் சின்னதாக ஒன்று. அந்த இரண்டின் மேலும் பாசி படர்ந்திருந்தது.

வாண்டு ஓடிப்போய்ச் சின்னக் கல்லில் உட்கார்ந்தாள். முழங்கால் முகவாயில் இடித்தது.

"இது எனக்குப் பத்தலைம்மா."

மகள் தன் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வாண்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். அழுது முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"அடுத்த ஞாயிறும் வரலாமா?"

'பார்க்கலாம்' என்பது பழக்கதோஷத்தில் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. டீயோடு சேர்த்து அதை விழுங்கினாள்.

"வர்றோம். உனக்குப் பெரிய கல்லா ஒண்ணு தேடணும்."